வலிக்காத கடி

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறீர்களா, சகோதரிகளே? சத்திரத்தில் இடம் கிடைக்காமல், பக்கத்துக் கிராமத்து உறவினர் வீட்டில் பாய் விரித்துப் படுக்க நேரிடலாம். அப்படியானால் கட்டுவிரியனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகம் படமெடுக்கும், கண்ணாடி விரியன் சீறும். கட்டுவிரியனோ ஓசைப்படாத பேர்வழி! பகலெல்லாம் எலிவளையிலும் செங்கல் குவியலிலும் சுருண்டு கிடந்துவிட்டு, இரவில் இரை தேடிக் கிளம்பும். தரையில் தூங்குகிறவர் புரண்டு மேலே பட்டால் கடித்துவிடும். வலி அநேகமாக இராது, வீக்கமும் இராது, பல் பட்ட தடம்கூடப் பல சமயம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார். ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமும் சுக்குக் கஷாயம் போடுவோம். பிறகு இமை சரியும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சே திணறும்.

தரையில் படுத்தெழுந்தவருக்கு இமை தூக்க முடியவில்லையென்றால், கடிவாயைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இலவசம். (அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமோ? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய சங்கத்து இருளர்கள்தாம்!)

பிரயாணப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே ஒரு கொசுவலையை வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் பாம்பு நுழைய வழியில்லை. கொசுவுக்கும்தான்.