பாத்திரங்கழுவியில் தண்ணீர் தேங்குதல்

பாத்திரங்கழுவியில் தண்ணீர் தேங்குதல் என்பது, கழுவி முடிந்த பிறகும் கழிவுநீர் வெளியேறாமல் இயந்திரத்தின் அடியில் நின்றுவிடுவதைக் குறிக்கும். சில வேளைகளில் அது கதவு வழியே தரையிலும் வழியும். பெரும்பாலும் இயந்திரம் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. தண்ணீர் வெளியேறும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்றே பொருள். அதை வீட்டிலேயே நீக்கலாம். ஆனால் மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் இடம் என்பதால், எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம்.

இயங்கும் முறை

அமெரிக்காவின் ஜோசபின் காக்ரேன் 1886இல் காப்புரிமை பெற்ற பாத்திரங்கழுவி, தண்ணீரின் விசையைக் கொண்டே பாத்திரங்களைக் கழுவியது. இன்றைய இயந்திரங்களும் அப்படியே. உள்ளே வரும் சில லிட்டர் தண்ணீர் சூடாக்கப்பட்டு, சுழலும் கைகள் வழியே பீய்ச்சப்படுகிறது. கீழே விழும் தண்ணீர் வடிகட்டியைக் கடந்து மீண்டும் மேலே செல்கிறது. இறுதியில் வடிகால் பம்ப் அதைக் குழாய் வழியே சாக்கடைக்குத் தள்ளுகிறது. ஆகவே அடைப்பு ஏற்படக்கூடிய இடங்கள் நான்கு: வடிகட்டி, பம்ப், வடிகால் குழாய், வீட்டின் கழிவுநீர்க் குழாய்.

வடிகட்டிக்குக் கீழே சிறிதளவு தண்ணீர் நிற்பது இயல்பு. அது ரப்பர் பாகங்கள் உலராமல் காக்கிறது.

முதலில் செய்ய வேண்டியவை

1. தரையில் தண்ணீர் இருந்தால் அதில் நின்றுகொண்டு பிளக்கைப் பிடுங்கக் கூடாது. உலர்ந்த இடத்தில் நின்று, மின்பலகையில் உள்ள எம்.சி.பி.யை அணைக்க வேண்டும்.
2. இயந்திரத்துக்குத் தண்ணீர் வரும் குழாயை மூட வேண்டும்.
3. உள்ளே இருப்பது கை சுடும் அளவு சூட்டில் இருக்கலாம். அரை மணி நேரம் ஆறவிட வேண்டும்.
4. கீழ்த்தட்டை வெளியே எடுத்து, டம்ளரால் தண்ணீரை முகந்து வாளியில் ஊற்றி, மீதியைப் பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டுகள் கிடக்கலாம் என்பதால் கையுறை நல்லது.

அடைப்பைக் கண்டறிதல்

வடிகட்டி: பெரும்பாலான இயந்திரங்களில் இதை இடப்பக்கம் திருகித் தூக்கினால் வந்துவிடும். நம் சமையலில் சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, மிளகாய்த் தோல், புளிச் சக்கை, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை இங்கே சேரும். வெதுவெதுப்பான தண்ணீரில், பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பம்ப்: வடிகட்டி இருந்த குழியில் பம்பின் மூடி தெரியும். கையேட்டில் சொன்னபடி அதைக் கழற்றி, சிறு சக்கரத்தைக் குச்சியால் சுழற்றிப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டுச் சுழன்றால் சரி; அதில் காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுழலும். அசையாவிட்டால் பல்குச்சியோ விதையோ சிக்கியிருக்கலாம்.

குழாய்: இயந்திரத்துக்குப் பின்னால் குழாய் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயின் ஒரு பகுதி தரையிலிருந்து உயர்ந்து வளைந்து செல்ல வேண்டும். இல்லையேல் தொட்டிக் கழிவுநீர் திரும்ப இயந்திரத்துக்குள் வரும். உயர அளவு கையேட்டில் இருக்கும்.

வாளிச் சோதனை: அடைப்பு இயந்திரத்திலா வீட்டுக் குழாயிலா என்பதை இது காட்டிவிடும். குழாயின் முனையைக் கழற்றி, அதை ஏறத்தாழ அதே உயரத்தில் பிடித்து வாளிக்குள் விட்டு, உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மின்சாரம் கொடுத்து, வெளியேற்றும் நிலையில் மட்டும் இயக்க வேண்டும்.

- வாளியில் வேகமாகக் கொட்டினால், அடைப்பு வீட்டுக் கழிவுநீர்க் குழாயில்.
- உறுமல் மட்டும் கேட்டால், பம்பிலோ குழாயிலோ அடைப்பு.
- ஓசையே இல்லாவிட்டால், மின்பழுது. பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.

தண்ணீர் மிகுதியாக வருதல்

மின்சாரத்தை அணைத்த பிறகும் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால், உள்வரும் வால்வு மூடவில்லை. அதை மாற்றும் வரை குழாயைத் திறக்கக் கூடாது. கதவு வழியே நுரை வழிந்தால், கையால் விளக்கும் திரவ சோப்பு ஊற்றப்பட்டிருக்கலாம்; இயந்திரத்துக்கு உரிய தூளையே பயன்படுத்த வேண்டும். பாஷ் இயந்திரங்களில் இ24 என்ற எழுத்து வெளியேற்றக் கோளாறையும், இ15 என்பது அடித்தட்டில் நீர் கசிந்ததையும் குறிக்கும்.

பூட்டிய வீடுகளில்

கண்டனூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்து, திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் திறக்கப்படுகின்றன. நெடுநாள் ஓடாத பம்பில் பிசுக்கு இறுகிச் சக்கரம் ஒட்டிக்கொள்ளும். விருந்தினர் வந்த பிறகு இது தெரிந்தால் தொல்லைதான். ஊருக்குப் புறப்படும் முன் வெறும் இயந்திரத்தைச் சூட்டில் ஒருமுறை ஓட்டி, வடிகட்டியைக் கழுவி, குழாயை மூடி, கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் பாத்திரம் அடுக்கும் முன் ஒருமுறை வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

- சாக்கடை அடைப்பு நீக்கும் காரத்தூளையோ அமிலத்தையோ இயந்திரத்தில் ஊற்றக் கூடாது. ரப்பரும் பம்பும் கெடும். கண்ணிலும் கையிலும் தெறித்தால் புண்ணாகும்.
- பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவி அடுக்க வேண்டியதில்லை. எச்சிலையும் பருக்கைகளையும் வழித்துக் கொட்டினால் போதும்.
- நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத இணைப்பில் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. இயந்திரத்தைத் தொட்டதும் சுரீரென்று உணர்ந்தால், உடனே மின்சாரத்தை நிறுத்தி மின்பணியாளரை அழைக்க வேண்டும்.