முழங்கை உள்பக்கம் வலிக்குதா? சுளுக்குன்னு உருவி விடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் வலி, துணி பிழிந்தால் வலி, பைக் க்ளட்ச் பிடித்தால்கூட முழங்கையின் உள்பக்கம் 'சுருக்'குன்னு இழுக்குதா? அது 'கோல்ஃபர்ஸ் எல்போ'வாக இருக்கலாம். 'கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லையே'ன்னு நினைக்காதீங்க. பெரும்பாலானவர்களுக்கு இது வேலையால்தான் வருது.

2004-ல் சச்சினைப் படுத்தியெடுத்த 'டென்னிஸ் எல்போ' முழங்கையின் வெளிப்பக்கம் வருவது. இது உள்பக்கம்.

யாருக்கு வரும்?

பெரியகுளம் மாந்தோப்பில் நாள் முழுக்கத் தொரட்டி பிடிப்பவர், கம்பம் திராட்சைத் தோட்டத்தில் கத்தரியால் கவாத்து பண்ணுபவர், கைப்பம்பு அடித்து மருந்து தெளிப்பவர், ஜிம்மில் திடீரென எடையைக் கூட்டிய இளைஞர்... எல்லோருக்குமே வரலாம். மணிக்கட்டை மடக்க, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்ப உதவும் தசைகள், முழங்கையின் உள்பக்க எலும்பு முண்டில் ஒரே இடத்தில் வந்து ஒட்டுகின்றன. திரும்பத் திரும்ப இழுபடும்போது அங்கிருக்கும் தசைநாண் நுண்ணியதாகச் சிதையுது. அது ஆறுவதற்குள் மறுபடியும் வேலை. அதனால்தான் வலி மாதக்கணக்கில் நீடிக்குது.

நீங்களே எப்படிப் பார்க்கலாம்?

1. உள்பக்க எலும்பு முண்டையும் அதற்குச் சற்றுக் கீழேயும் விரலால் அழுத்துங்க. குறிப்பாக அங்கே வலிக்குதா?

2. கையை நீட்டி, உள்ளங்கையை மேலே பார்த்து வைங்க. இன்னொரு கையால் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கப் பாருங்க. முழங்கையின் உள்பக்கம் வலித்தால் சந்தேகம் வலுக்குது.

டாக்டரும் பெரும்பாலும் இப்படித்தான் கண்டுபிடிப்பார். எக்ஸ்-ரே பொதுவாக நார்மலாகவே வரும். சந்தேகம் இருந்தால் மட்டுமே அல்ட்ரா சவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ தேவைப்படும்.

ஏமாந்துபோகும் இடம்

முழங்கையை இடித்துக்கொண்டால் 'கரண்ட்' அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்பு இதே எலும்பு முண்டுக்குப் பின்னால்தான் ஓடுது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகுதா? பிடி தளருதா? அப்படியென்றால் நரம்பும் அழுத்தப்படலாம். சுளுக்கு என்று அழுத்தி உருவி விடாதீங்க. நாள் தள்ளினால் விரல்களின் பலம் நிரந்தரமாகவே குறையலாம். பந்து எறியும்போது மட்டும் வலித்தால், மூட்டின் தசைநார் கிழிந்திருக்கலாம். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சிப் பகுதியே பாதிக்கப்படலாம்.

காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலோ, விழுந்த பிறகு கையை நீட்ட முடியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்க. இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தால் 108-ஐ அழைங்க.

என்ன செய்யலாம்?

வலிக்கும் வேலையைச் சில வாரங்கள் குறைங்க. துணியில் சுற்றிய ஐஸை 10-15 நிமிடம் வைக்கலாம். வலி தணிந்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியால் தசைநாணுக்கு மெல்ல மெல்ல பலம் ஏற்றணும். ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் வலியைக் குறைத்தாலும், அந்த நிம்மதி பெரும்பாலும் தற்காலிகமே. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலேயே சரியாகிவிடும். ஆனால் சில மாதங்கள் பொறுமை வேணும்.

'தினக்கூலிக்குப் போறவங்க எப்படி லீவு போடுறது?' நியாயமான கேள்விதான். முழுசாக நிறுத்த முடியாவிட்டால் கையை மாற்றிப் பிடிங்க, கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்க, இடையிடையே ஓய்வு கொடுங்க. பெரியகுளத்திலேயே மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கு. இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் போய்க் காட்டிடுங்க. இப்போது இழக்கும் ஒருநாள் கூலி, பின்னால் ஒரு சீசன் கூலியையே காப்பாற்றலாம்.