பெரிஸ்கோப்பை ஆட்டும் சுழல்கள்

பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஹைட்ராலிக் சிலிண்டர் பட்டறையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கிக்குள் போய்ப் பார்த்தேன். அந்தப் பெரிஸ்கோப் கடலில் எதிலாவது இடித்து உடைந்துவிடாதா?"

இடித்தால் உடையும்தான். 2024 நவம்பரில் கோவாவுக்கு அப்பால் நம் நீர்மூழ்கியும் மீன்பிடிப் படகும் மோதிக்கொண்டபோது, படகிலிருந்த 13 பேரில் 11 பேரைத்தான் காப்பாற்ற முடிந்தது. மேலே வருமுன் சோனாரில் காதுகொடுத்துக் கேட்பது இதற்காகத்தான். சிந்துகோஷ் வகை நீர்மூழ்கிகளுக்கு உஷுஸ் சோனாரைச் செய்தது உங்கள் பக்கத்து ஜாலஹள்ளி பி.இ.எல். நிறுவனமே. ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டு வலையோடு மிதக்கும் படகு அதிகம் சத்தம் போடாது.

பெரிஸ்கோப்புக்கு அன்றாட எதிரி தண்ணீர். வேகம் இரட்டித்தால் குழாயைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இதைவிட என்னை ஈர்ப்பது, குழாயைத் தாண்டிய நீர் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிப்பது. ஒவ்வொரு சுழியும் குழாயைத் தன் பக்கம் இழுக்கும். 20 செ.மீ. குழாய் 5 நாட் வேகத்தில் போனால், கணக்குப்படி நொடிக்குச் சுமார் இரண்டரை முறை இந்த ஆட்டம். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். அது குழாயின் சொந்த அதிர்வோடு சேர்ந்துகொண்டால் பார்வையே நடுங்கும். தொலைவில் தெரிவது கப்பலா அலையா என்று பிடிபடாது. அதனால்தான் வேகத்தைக் குறைத்து உயர்த்தி, சட்டென்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறக்குகிறார்கள்.

அடுத்த கவலை, குழாய் நீர்மூழ்கியின் வெளியோட்டைத் துளைத்து ஏறி இறங்கும் இடத்து சீல். உங்கள் சிலிண்டர் ராடில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல் விழுந்தாலே, எத்தனை சீல் மாற்றினாலும் எண்ணெய் கசியும். இங்கே கசிந்து உள்ளே வருவது கடல். குரோம் போட்ட ராடை வெறுந்தரையில் உருட்டிவிடும் பட்டறைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கிரைண்டிங்காரர் மைக்ரான் மைக்ரானாக எடுத்த மெருகு, ஒரு மரக்கட்டை வைக்காத அலட்சியத்தில் போகிறது. மேலே ஒரு காகிதம் சுற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது கேமரா பொருத்திய மாஸ்ட்டுகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் வர்ஜீனியா வகையில் பழைய பெரிஸ்கோப்பே இல்லை. கம்பிவழியே படம் வருவதால் நீளக் குழாய் ஓட்டைத் துளைக்க வேண்டியதில்லை. நீருக்கு வெளியே நீட்டும் கம்பம் மட்டும் அங்கும் உண்டு. சுழல்கள் அதையும் ஆட்டத்தான் செய்கின்றன.