புது கம்ப்யூட்டரில் பழைய ஓட்டை எதற்கு?



பால் சொசைட்டியில் பால் ஊத்தினதும் சீட்டு தர்றாங்களே, அதில் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, எவ்வளவு ரூபாய் என்று அச்சாகி இருக்கும். பல இடங்களில் தராசும் பால் சோதிக்கும் மெஷினும் வயர் மூலம் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கும். அளவு நேராக் கணக்கில் ஏறிவிடும், நடுவில் யார் கையும் படாது. கையால் தட்டினால் 4.2 என்பது 2.4 ஆக எவ்வளவு நேரம் ஆகும்? போவது நம்ம காசு.

அந்த வயர் சேரும் இடத்துக்கு சீரியல் போர்ட் என்று பெயர். கம்ப்யூட்டரின் பின்பக்கம் இரண்டு வரிசையில் ஒன்பது ஊசி தெரியும். இந்த முறையை அமெரிக்காவில் வகுத்தது 1960-ல். நம்ம திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்ததும் அதே வருஷம்தான்! 1996-ல் யு.எஸ்.பி. வந்தது. இப்போ வரும் லேப்டாப்பில் ஒன்பது ஊசியைப் பார்க்கவே முடியாது.

ஆனாலும் கேட்டு வாங்குகிறவர்கள் குறையவில்லை. தராசு நன்றாக உழைக்கும்போது ஒரு ஓட்டைக்காக அதை எதற்கு மாற்றணும்? இன்னொரு வசதியும் இருக்கிறது. சீரியல் வயரை 50 அடி வரை இழுக்கலாம். சாதாரண யு.எஸ்.பி. வயர் 16 அடிதான். தராசு திண்ணையில், கம்ப்யூட்டர் உள் அறையில் என்றால் இது பெரிய விஷயம்.

டக டக என்று அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இப்படித்தான். பழசு என்றால் 25 ஓட்டை உள்ள போர்ட் கேட்கும். ஆனால் ஒரே அடியில் கார்பன் காப்பியும் விழுமே, லேசர் பிரிண்டரில் அது நடக்காது.

கடைக்காரர் "எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க" என்பார். உடனே தலையாட்ட வேண்டாம். சில டெஸ்க்டாப் மாடல்களில் இன்றும் சீரியல் போர்ட் கேட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் உள்ளே ஒரு கார்டு சொருகலாம். லேப்டாப் என்றால் யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வயர் போதும். மலிவான போலிச் சிப் உள்ளது என்றால் விண்டோஸ் புதுப்பித்தபின் நின்றுபோகலாம், பில்லோடு வாங்குங்கள். கன்வெர்ட்டர் போட்டும் எடை வரவில்லையா? பெரும்பாலும் காம் நம்பர் மாறியிருக்கும். சாப்ட்வேர் காம் 1-ஐத் தேடும், கன்வெர்ட்டர் காம் 3-ல் உட்கார்ந்திருக்கும். அதை மாற்ற இரண்டு நிமிஷம் போதும்.

முடிந்தால் தராசையே கடைக்குக் கொண்டுபோங்க. எடை திரையில் வந்தபிறகு பணத்தை எண்ணிக் கொடுங்க.