பழைய கம்ப்யூட்டரும் புதிய கிராபிக்ஸ் கார்டும்

பொங்கல் விழாவானாலும் கல்யாண வீடானாலும், நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் பெற்றோர்கள் இப்போது என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், பையன் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறான். பழைய கம்ப்யூட்டரிலேயே போடலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?" ரயில்வேயில் பெட்டிகளின் மின்சாரப் பகுதியில் காலம் கழித்தவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை முழுக்கத் தவறும் அல்ல. அந்தப் பெட்டிக்குள்ளும் ஓடுவது மின்சாரம்தானே! ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நமது இதழில் எழுதிவிடுவது மேல் என்று ஆசிரியர் குழுவினர் சொன்னதால் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் விண்டோஸ் 11 ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடாது. அதற்குப் புதிய தலைமுறை பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அவை கார்டோடு வருவதில்லை. ஆனால் கேரளப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகளுக்கு உபுண்டு லினக்ஸ் புதிதல்ல, வகுப்பில் பழகியதுதான். பழைய இயந்திரத்துக்கு அது நன்றாகவே பொருந்தும்.

இனி ஓர் உதாரணம். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் இருக்கும் அன்பர் ஒருவருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய மகள் பள்ளியில் 'லிட்டில் கைட்ஸ்' மன்றத்தில் அனிமேஷன் பழகி, இப்போது கல்லூரியிலும் அதையே படிக்கிறாள். வீட்டில் இருப்பதோ ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டர். அதில் இருப்பது 2012இல் வெளிவந்த இன்டெல் ஐ-5 3470 பிராசஸர். கல்லூரியில் பயன்படுத்தும் 'பிளெண்டர்' மென்பொருள் அதில் திறக்கவே இல்லை. "அண்ணாச்சி, கடையில மொத்தமா புதுசு வாங்கச் சொல்லுதாங்க. அவ்வளவு ரூவாய்க்கு நான் எங்க போவேன்?" என்றார் தகப்பனார்.

காரணம் எளியது. பிளெண்டர் 4.0 பதிப்பிலிருந்து ஓபன்ஜிஎல் 4.3 என்ற வரைகலை வசதி கட்டாயம். இந்தப் பிராசஸருக்குள்ளேயே அடங்கிய வரைகலைப் பகுதி அந்த அளவை எட்டாது. மற்றபடி இயந்திரத்தில் பழுது ஒன்றுமில்லை. ஆக, கார்டு ஒன்றுதான் தேவை. ஆனால் அந்தக் கார்டுக்கு யார் சோறு போடுவது?

ரயிலை வைத்துச் சொன்னால் புரியும். சக்கரத்தின் அச்சிலிருந்து ஓடும் ஆல்டர்னேட்டரால் தானே மின்சாரம் தயாரித்துக்கொள்ளும் சாதாரணப் பெட்டிக்கு 4.5 கிலோவாட் போதும், விளக்கும் விசிறியும்தான் வேலை. ஏசி பெட்டிக்கோ 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர் வேண்டும். சாதாரணப் பெட்டியில் ஏசியை மட்டும் கொண்டுபோய் மாட்டினால் என்ன ஆகும்? பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு புதிய கார்டு போடுவதும் அதே கதைதான்.

கணக்கைப் பாருங்கள். பிராசஸர் 77 வாட். என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு 75 வாட். மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், விசிறிகளுக்கு 60 வாட் வைத்துக்கொள்வோம். மொத்தம் 212 வாட். பெட்டியில் இருந்த எஸ்எம்பிஎஸ் மீது '450 வாட்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. பிறகென்ன, இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே என்றார் அன்பர். அந்தப் பெரிய எழுத்தை நம்பாதீர்கள். அதே லேபிளில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேரே 14 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட். பிராசஸர், கார்டு இரண்டுமே பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. அவை மட்டுமே 152 வாட். அதோடு ஹார்டு டிஸ்க் மோட்டாரும் விசிறிகளும் அதே வழியில்தான். பத்து வருடம் ஓடிய மலிவுச் சரக்கிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கார்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எடுத்து வையுங்கள் என்றேன். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது 360 வாட் தரக்கூடியதும், '80 பிளஸ்' முத்திரை உள்ளதுமான ஒன்றை வாங்கினோம்.

கார்டு வாங்க எர்ணாகுளம் மேனகா பக்கம் போனால், பென்டா மேனகாவில் ஏறி இறங்கவே அரை நாள் ஆகும். கடைக்காரர் காட்டுவதெல்லாம் நம் பெட்டிக்கு ஆகாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ செகண்ட் ஹாண்டில் கிடைக்கும். ஆனால் அந்தத் தலைமுறைக்கான புதிய டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தி, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் என்று அறிவித்துவிட்டது. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு மதர்போர்டில் 'ரீசைசபிள் பார்' வசதி இல்லாவிட்டால் வேகம் படுத்துவிடும். 2012 போர்டில் அதற்கு எங்கே போவது? ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 மின்சாரத்தில் சிக்கனம், 53 வாட்தான். ஆனால் போர்டோடு நான்கு தடங்களில் மட்டுமே பேசும், பழைய போர்டில் அது குறை. அதனால்தான் 1650. அதிலும் தனி மின் இணைப்பு கேட்காத மாதிரியைத் தேர்ந்தெடுத்தோம். பிசிஐ எக்ஸ்பிரஸ் பொந்து ஒன்றே 75 வாட் வரை கொடுக்கும்.

தனி இணைப்பு கேட்கும் கார்டுக்கு, "இந்த கன்வர்ட்டர் போட்டால் போதும்" என்று ஹார்டு டிஸ்க் வயரிலிருந்து ஆறு முள் இணைப்புக்கு மாற்றித் தருவார்கள். வேண்டாம். அந்த சாட்டா முனையின் 12 வோல்ட் முட்கள் மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 54 வாட். ஆறு முள் இணைப்போ 75 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான்.

இன்னொன்று, இது மிக முக்கியம். சில எஸ்எம்பிஎஸ்களில் கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டலாம். பழைய கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முட்களின் வரிசைக்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், டிஸ்க்கும் அதில் உள்ள கல்யாண போட்டோக்களும் போயே போயின. கம்பெனி பெயரோடு வரும் அலுவலகக் கம்ப்யூட்டர்களிலும் எச்சரிக்கை தேவை. வழக்கமான 24 முள் இணைப்புக்குப் பதில் 6 அல்லது 8 முள் இருக்கலாம், பெட்டியும் ஒல்லியாக இருக்கலாம். மூடியைத் திறந்து பார்த்து, அளந்து, போனில் படமும் எடுத்துக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள்.

இனி எர்த்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் 'சுர்'ரென்கிறது என்று பலர் சொல்வதுண்டு. அன்பர் வீட்டிலும் அதே. அவருடைய தாயார் அந்த மேஜைப் பக்கமே போகமாட்டார்! எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொரு சிறிய கெப்பாசிட்டர் இணைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் பாதியில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே வேறு பழுது வந்தால் காப்பாற்ற ஆளில்லை என்பதற்கு அதுவே அறிவிப்பு. எஸ்எம்பிஎஸ் மாற்றினாலும் இது போகாது.

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் உப்புக் காற்று எர்த் கம்பியை அரித்துவிடும், சுவரில் மூன்று துளை பிளக் மட்டும் அழகாக இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்தோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே இருக்க வேண்டும், இங்கே இல்லை. வாசல் பக்கம் எர்த் குழாயோடு சேரும் இடத்தில் கம்பி பச்சைப் பொடியாகி அறுந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

மாட்டுகிற வேலை எளிது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சத்தை வடியவிட்டு, பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வைக்க வேண்டும். மானிட்டர் வயரை மதர்போர்டில் அல்ல, புதிய கார்டில் செருக வேண்டும். இதை மறந்துவிட்டுக் கார்டு சரியில்லை என்று கடைக்கு ஓடியவர்களை நான் அறிவேன். பழைய விஜிஏ மானிட்டர் என்றால் அதற்கான கன்வர்ட்டரும் தேவைப்படும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த எஸ்எம்பிஎஸ் என்றால், பின்னால் சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். 115இல் நின்றால் இங்கே போட்ட உடனே வெடிக்கும்.

அன்பரின் மகளுக்குப் பிளெண்டர் இப்போது திறக்கிறது, கல்லூரிப் பாடங்களை வீட்டிலேயே செய்கிறாள். கார்டில் 4 ஜிபி நினைவகம்தான், பிராசஸரும் 2012தான். கனமான காட்சிகளை இரவு ஓடவிட்டுக் காலையில் பார்க்கிறாள். பாட்டியும் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பொம்மை ஆடுவதைப் பார்க்கிறார்.

கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் பிள்ளைகள் பிரித்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். அதன் பெரிய கெப்பாசிட்டரில் ஓடும்போது ஏறுவது ஏறக்குறைய 325 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மிச்சம் தங்கலாம். அப்படியே முழுசாக வைத்திருந்து, ஹரித கர்ம சேனையினர் மின்னணுக் கழிவு வாங்க வரும் நாளில் கொடுத்துவிடுங்கள்.