செய்யாததற்கு மார்க்கு உண்டா?

சென்னைப் பட்டணத்திலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் ராஜபாட்டையில், செங்குன்றத்து அரிசி மண்டிகளையும் காரனோடைப் பாலத்தையும் கடந்து வடக்கே சென்றால், கும்மிடிப்பூண்டிக்கு முன்பாகப் புதுவாயல் என்ற ஊர் வருகிறது. பெரியபாளையத்துக்குச் சாலை பிரிகிற இடம். ஆடி மாதத்தில் பவானியம்மனைத் தரிசிக்கப் போகிற கூட்டமும், மற்ற மாதங்களில் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு மாறப் போகிற கூட்டமும் அங்கே பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதுண்டு.

நானும் ஒரு நாள் அவ்விதம் நின்றேன். பஸ் வரவில்லை. பஸ் வராத இடத்தில் தமிழர்கள் அரசியல் பேசாமல் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

நிழற்குடையின் நெற்றியில் ஒரு பெயர் பெரிய எழுத்தில் விளங்கிற்று. அதைக் கட்டிக் கொடுத்த அங்கத்தினரின் பெயர். பணம் வந்த நிதியின் பெயர், மரியாதையாக அதற்குக் கீழே, சிறிய எழுத்தில். தொழிற்சாலைச் சீருடை அணிந்த வாலிபர் ஒருவர் அதைச் சுட்டிக் காட்டி, "இவர் ஒருவர்தான் ஐயா இந்தப் பக்கத்துக்கு ஏதோ செய்தவர்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எண்பத்தைந்து பிராயத்துக்குக் குறையாது. அவர் சிரித்துக் கொண்டே, "தம்பி, நான் பையனாக இருந்தபோது ஒரு மந்திரி இருந்தார். செய்துகொண்டிருந்ததை நிறுத்தினார். ஊரே சந்தோஷப்பட்டது" என்றார்.

பெரியவர் சொன்னது அரிசிப் பங்கீட்டை. நெல்லூர்ப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து வண்டியில் வரும்போது, வைக்கோலுக்கு அடியில் இரண்டு மரக்கால் அரிசியை ஒளித்து வைத்து, வழி நெடுக அவருடைய பாட்டியார் அம்மனை வேண்டிக்கொண்டு வருவாராம். சொந்த அரிசி, சொந்த வண்டி, சொந்தப் பசி, ஆனாலும் திருட்டு!

அங்கே கேட்ட இந்த இரண்டு பேச்சும் பல நாள் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு சட்டசபை அங்கத்தினர் நல்லவரா, உபயோகமானவரா என்று நாம் எதைக் கொண்டு தீர்மானிக்கிறோம்? கட்டிய கட்டிடம், போட்ட சாலை, கொண்டு வந்த மசோதா இவற்றைக் கொண்டு. பார்லிமெண்டு அங்கத்தினருக்கு 1993-ஆம் வருஷத்திலிருந்து தொகுதி அபிவிருத்தி நிதி என்று ஒன்று உண்டு; அது வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் வரை உயர்ந்தது. அந்தப் பணத்தில் எழும்பியவற்றை எண்ணிவிடலாம். ஆனால், "சர்க்கார் இத்தனை காரியத்தில் தலையிட வேண்டாம், வரி குறையட்டும், ஜனங்களை அவரவர் வேலையைப் பார்க்க விடுங்கள்" என்று சொல்லி ஒருவர் ஓட்டுக் கேட்டு, ஜயித்தும் விட்டார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய பெயரை எந்த நிழற்குடையில் எழுதுவது?

அமெரிக்காவில் இந்தச் சங்கடத்துக்கு ஓர் உதாரண புருஷர் உண்டு. டெக்ஸாஸ் மாகாணத்து ரான் பால் என்பவர். தொழிலால் பிரசவ வைத்தியர். 1976-இல் முதன் முதலாகக் காங்கிரஸ் என்னும் அந்நாட்டுச் சட்டசபைக்குப் போனார். இடையிடையே விலகியிருந்து, கடைசியாக 2013-இல் ஓய்வு பெற்றார். சர்க்கார் செலவு என்றால் எதிர்த்து ஓட்டுப் போடுவார். அன்னை தெரேஸாவுக்குத் தங்கப் பதக்கம் அளிக்கப் பொதுப் பணம் செலவிடக் கூடாது என்றுகூட எதிர்த்தவர்! 'டாக்டர் நோ' என்று பட்டப் பெயர் வந்ததில் வியப்பில்லை. அவர் 600-க்கு மேற்பட்ட மசோதாக்களையும் தீர்மானங்களையும் கொண்டு வந்தார். அவற்றில் சட்டமானது ஒன்றே ஒன்று: கால்வெஸ்டன் நகரத்துப் பழைய சுங்கக் கட்டிடத்தை உள்ளூர்ச் சரித்திரப் பாதுகாப்பு ஸ்தாபனத்துக்கு விற்பது பற்றியது, 2009-இல். பரீட்சைப் பேப்பராக இருந்தால் பூஜ்யத்துக்கு அடுத்த மார்க்கு.

ஆயினும், அந்நாட்டு மத்திய பாங்கியின் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று அவர் பல வருஷங்கள் தனியாகக் கத்திக் கொண்டிருந்தார். 2012 ஜூலையில் அவருடைய மசோதாவுக்குக் கீழ்ச் சபையில் ஆதரவாக 327 ஓட்டும் எதிராக 98 ஓட்டும் விழுந்தன. மேல் சபை அதைச் சட்டமாக்கவில்லை என்பது வாஸ்தவம். எனினும் முன்பு பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கப்பட்ட பேச்சுக்கு இரு கட்சியாரும் கை தூக்கினார்கள். இது ஒன்றுமில்லாத காரியமா?

மறு பக்கமும் உண்டு. தம் தொகுதிக்கு வேண்டிய செலவினங்களை மசோதாவுக்குள் சேர்க்கும்படி கேட்டு வாங்கிக் கொண்டு, பிறகு அதே மசோதாவுக்கு எதிராக அவர் ஓட்டுப் போடுவார். மசோதா எப்படியும் நிறைவேறிவிடும். தொகுதிக்குப் பணமும் வந்துவிடும். கொள்கையும் கசங்காமல் இருக்கும். என் ஜனங்களின் வரிதானே திரும்பி வருகிறது என்பது அவருடைய சமாதானம். விரதம் இருப்பவர் பக்கத்து வீட்டில் பலகாரம் சாப்பிட்ட கதையாகத்தான் எனக்கு இது படுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். பெரியவர் குறிப்பிட்ட மந்திரி ராஜாஜி. 1952-ஆம் வருஷத் தேர்தலில் 375 ஸ்தானங்கள் கொண்ட சென்னைச் சட்டசபையில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. தேர்தலுக்கே நிற்காத ராஜாஜியை மேல் சபைக்கு நியமித்து முதல் மந்திரியாக்கினார்கள். அந்த முறை நியாயந்தானா என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு, இன்றும் கேட்கலாம். ஏப்ரலில் பதவி ஏற்றார். ஜூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்.

அந்தக் கட்டுப்பாடு யுத்த காலத்தில் வந்தது. யுத்தம் 1945-இல் போயிற்று, அது போகவில்லை. விவசாயி நெல்லை நிர்ணய விலைக்குச் சர்க்காருக்கு அளக்க வேண்டும். ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு என்று வந்தால் சீட்டுக் கொடுப்பவர் வருவார். அவர் பின்னாலேயே கள்ள மார்க்கெட்டும் வரும். எடுத்துவிட்டால் விலை வானத்துக்கு ஏறி ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள் என்று பலர் பயந்தார்கள். மழை சரியாக இல்லாத காலம் ஆகையால், அந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று சொல்வதற்கில்லை. டில்லியிலும் தயக்கம் இருந்தது. ஆனால் உணவு மந்திரி ரபி அகமது கித்வாய் துணை நின்றார். கட்டுப்பாடு போயிற்று. அஞ்சிய பஞ்சம் வரவில்லை. பதுங்கியிருந்த நெல் கடைக்கு வந்தது. 1954-க்குள் நாடு முழுவதும் பங்கீடு தளர்ந்தது.

இந்தக் காரியத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? புதுக் கட்டிடம் இல்லை, புது இலாகா இல்லை. கல்வெட்டுத் திறக்க இடமே இல்லை. ஆனால் புதுவாயல் பாதையில் வண்டியில் வந்த பாட்டியாரின் அடி வயிற்றில் இருந்த பயம் போயிற்று. ஒரு சட்டசபைக்காரர் பதவிக் காலத்தில் இப்படி ஒன்றைச் செய்தாலே முதல் வகுப்பு மார்க்கு என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக ராஜாஜியை முழுக்க முழுக்கச் 'சிறிய சர்க்கார்'க்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. விற்பனை வரியை 1939-இல் சென்னை மாகாணத்துக்குக் கொண்டு வந்தவர் அவரேதான். மதுவிலக்கினால் போன வருமானத்துக்கு ஈடு செய்ய வேண்டியிருந்தது. விவசாயிகளின் கடன் சுமையைக் குறைத்து 1938-இல் சட்டம் செய்தார். கட்டுப்பாட்டை எடுத்த அதே 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்க அவசரச் சட்டமும் போட்டார். சர்க்கார் புகக் கூடாத இடம் எது, புகுந்தே தீர வேண்டிய இடம் எது என்று அவர் இடத்துக்கு இடம் தீர்மானித்தார். சில சமயம் தீர்மானம் தவறியும் போயிற்று.

மிகவும் தவறிய இடம் பள்ளிக்கூடம். 1953-இல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பைத் தினம் அரை வேளையாக்கி, மற்ற நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றார். பணமும் இடமும் போதாத நிலையில் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்று நாடு கேட்டது. 'குலக் கல்வி' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள், பெயர் நிலைத்துவிட்டது. சட்டசபையைக் கலக்காமலே அமலுக்குக் கொண்டு வந்ததும் பெரிய பிழை. 1954-இல் அவர் விலகினார். காமராஜர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். பிறகு மதிய உணவும் புதிய பள்ளிகளும் வந்தன. அதாவது, சர்க்கார் அதிகமாகச் செய்தது. இந்த விஷயத்தில் செய்தவருக்குத்தான் மார்க்கு. செய்கையைச் சுருக்கியவருக்கு அல்ல.

அரிசியில் சர்க்கார் விலகியது ஜனங்களுக்கு அநுகூலமாயிற்று. படிப்பில் விலகப் பார்த்தது அநியாயமாயிற்று. வித்தியாசம் எங்கே? அரிசியை விளைவிக்கவும் விற்கவும் வாங்கவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். சர்க்கார் குறுக்கே நின்றது. படிப்பிலோ, சர்க்கார் விலகினால் அந்த இடத்துக்கு வர ஏழைக் குழந்தைக்கு வேறு யாரும் இல்லை.

1959-இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்ற சொல்லை நாட்டுக்கு அளித்தவர் அவரே. அக்கட்சிக்கு லோக சபையில் 1962-இல் 18 ஸ்தானங்கள். 1967-இல் 44, எதிர்க் கட்சிகளுள் அதுவே பெரியது. 1971-இல் எட்டாகச் சுருங்கி, 1974-இல் வேறு கட்சியோடு கலந்து மறைந்தது. லைசென்ஸ் முறையை அது ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. தொழில் லைசென்ஸ்கள் பெரும்பாலும் நீங்கியது 1991 ஜூலையில். அதற்குக் காரணம் அந்நியச் செலாவணி கஜானா காலியானதே; சுதந்திராக் கட்சியின் பிரசங்கங்கள் என்று சொன்னால் பக்தி அதிகம் என்பேன்.

ஆனால் அக்கட்சியின் மினூ மஸானி 1967-இல் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானார். அதற்கு முன் ஆளும் கட்சியாரே அந்த நாற்காலியில் இருந்து வந்தார்கள். சர்க்கார் செலவு செய்ததைச் சர்க்கார் கட்சியே சரிபார்ப்பது என்றால், மாமியார் உடைத்த மண்சட்டிக்கு மாமியாரே பஞ்சாயத்து. அந்த வருஷத்திலிருந்து எதிர்க் கட்சியாருக்கு அப்பதவியை அளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. செலவைக் குறை என்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் ஏது? அவர் மசோதா கொண்டு வராவிட்டாலும், கணக்குப் புத்தகத்தைப் படித்தாரா, அதிகாரிகளை நிறுத்திக் கேள்வி கேட்டாரா என்று பார்த்துவிடலாம். வெறுமே தூங்கிவிட்டு, 'என் கொள்கையே ஒன்றும் செய்யாதிருப்பது' என்கிறவரை அப்போது கண்டுபிடிப்பதும் சுலபம்.

வேடிக்கை ஒன்று பாக்கி. அதே 1967-இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கூட்டுச் சேர்ந்த தி.மு.க., ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்று சொல்லி வெற்றி பெற்றது. சுதந்திராக் கட்சிக்கும் சட்டசபையில் 20 ஸ்தானங்கள் கிடைத்தன. அரிசியை விட்டுச் சர்க்கார் விலகட்டும் என்றவரின் தோள்மீது ஏறி, சர்க்கார் அரிசி திரும்பி வந்தது! 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகவே கிடைத்து வருகிறது.

இதை நான் பெரியவரிடம் சொன்னேன். "நான்கூடத்தான் வாங்குகிறேன்" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். "முன்னே ஆந்திராப் பக்கத்திலிருந்து இங்கே ஒளித்துக் கொண்டு வந்தோம். இப்போது இங்கேயிருந்து அங்கே ஒளித்துக் கொண்டு போகிறார்கள். போலீஸார் பிடிக்கிறார்கள்."

வாலிபர் யோசித்துக் கொண்டிருந்தார். தமக்கு வேலை கொடுத்த தொழிற்பேட்டையே சர்க்கார் நிலம் எடுத்து அமைத்தது என்றும், சர்க்கார் சும்மா இருந்திருந்தால் தாம் வேறு ஊரில் பஸ்ஸுக்கு நின்றிருப்பார் என்றும் அவர் எடுத்துச் சொன்னார். பெரியவர் உடனே, "நிலத்தைக் கொடுத்தவனையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார், தம்பி" என்றார். இருவரும் குரலை உயர்த்தத் தொடங்கிய சமயத்தில் பெரியபாளையம் பஸ் வந்துவிட்டது.