கரி தின்னும் பூஞ்சை!

ஹாஸ்டல் அலமாரியில் நாலு நாள் மறந்துபோன பிரெட் பாக்கெட்டைத் திறக்கிறீர்கள். உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூத்திருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே குப்பைத்தொட்டிக்கு! பூஞ்சை என்றாலே நமக்கு அலர்ஜிதான். ஆனால், அந்தக் குடும்பத்து ஆசாமிகள் சிலருக்கு நிலக்கரியைச் சாப்பாடாகப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? கல் மாதிரி இருக்கிற கரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மண்ணுக்கு வலு சேர்க்கிற கறுப்புச் சாறாக மாறும். ரீல் இல்லைங்க, ரியல்!

அருகம்புல் கொடுத்த க்ளூ

தென்னாப்பிரிக்காவில் எமலாலேனி என்று ஒரு ஊர். 2006 வரை விட்பேங்க் என்று பெயர். எமலாலேனி என்றால் 'கரி இருக்கும் இடம்' என்று அர்த்தம். பேருக்கு ஏற்ற மாதிரி சுற்றிலும் சுரங்கங்கள். தோண்டி எடுத்ததில் நல்ல கரி ரயிலேறிவிடும். விலை போகாத மட்டக் கரி? அங்கேயே மலை மலையாகக் குவிந்து கிடக்கும். அதை மூட வேண்டுமென்றால் வேறு இடத்திலிருந்து மேல்மண் கொண்டுவந்து பரப்பி, புல் விதைக்க வேண்டும். அவ்வளவு மேல்மண்ணுக்கு எங்கே போவது?

இந்த நேரத்தில்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. யாரும் மண் போடாத கரிக் குவியலில் அங்கங்கே பச்சைப் பசேலென்று புல்! அது ஏதோ ஆப்பிரிக்க அதிசயப் புல் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம பிள்ளையாருக்குச் சாத்துகிற சாட்சாத் அருகம்புல்தான் அது! கல்யாண வீட்டில் 'அருகுபோல் வேரோடி வாழணும்' என்று பெரியவர்கள் சும்மாவா வாழ்த்துகிறார்கள்?

'கரியில் எப்படிப் புல் முளைக்கும்?' என்று வேரைத் தோண்டிப் பார்த்தார்கள் ரோட்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள். வேரைச் சுற்றியிருந்த கரி, கரி மாதிரியே இல்லை. உதிரி உதிரியாக, மண் மாதிரி மாறியிருந்தது. வேரில் விதவிதமான பூஞ்சைகள். அதில் ஒன்றான 'நியோசார்ட்டோரியா ஃபிஷெரி' கரியை உடைக்கிறது என்று 2008-ல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள்.

மேட்டர் சிம்பிள்தான். இது ஒரு பண்டமாற்று. புல் வெயிலில் சமைத்த சர்க்கரையில் கொஞ்சம் வேர் வழியாகப் பூஞ்சைக்குப் போகிறது. பூஞ்சை பதிலுக்கு வெயிலிலும் மழையிலும் கிடந்து இளகிய கரியை உடைத்துத் தருகிறது. அதில் வேர் இன்னும் ஆழமாக இறங்குகிறது. இதையே ஒரு தொழில்நுட்பமாக மாற்றி, 'ஃபங்கஸ்' பிளஸ் 'கோல்' என்று சேர்த்து 'ஃபங்கோல்' எனப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

பாதியில் நின்ற விருந்து

சரி, பூஞ்சைக்கும் கரிக்கும் என்ன சம்பந்தம்? பிளாஷ்பேக்குக்கு வாங்க. நிலக்கரி என்பது கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் புதைந்த காடு. மரத்துக்கு உறுதி தருவது லிக்னின் என்கிற பொருள். இதைச் செரிக்க எல்லோராலும் முடியாது. மழையில் கிடக்கும் கட்டையில் விசிறி விசிறியாக முளைக்குமே காளான், அந்த வகைப் பூஞ்சைகள் அதில் கில்லாடிகள். காற்றில்லாத சேற்றுக்குள் மரம் புதைந்துபோனதால் அவற்றால் வேலையை முடிக்க முடியவில்லை. பாதியில் நின்ற அந்த விருந்துதான் கரி!

கரியிலும் ஜூனியர், சீனியர் உண்டு. லிக்னைட் எனப்படும் பழுப்பு நிலக்கரி ஜூனியர். மரத்தின் குணம் அதில் இன்னும் மிச்சமிருக்கிறது. அதனால்தான் பூஞ்சைக்கு அது ஈஸி டார்கெட்.

1982-ல் கோஹன், கேப்ரியல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மரத்தை அரிக்கும் பூஞ்சைகளை லிக்னைட் மேல் வளர்த்துப் பார்த்தார்கள். பூஞ்சை வளர்ந்தது. கரி கறுப்புத் துளிகளாகக் கசிந்தது. உடனே உலகம் முழுக்கப் பரபரப்பு. 'கரியைக் கரைத்து எரிபொருள் எடுத்துவிடலாம்' என்று பலரும் களத்தில் குதித்தார்கள். கடைசியில் பார்த்தால், அந்தச் சாறு எரிபொருளாகப் பெரிதாகப் பிரயோஜனப்படவில்லை. அதில் நிறைய இருந்தது ஹியூமிக் அமிலம் மாதிரியான பொருட்கள். அடுப்புக்கு ஆகாதது வயலுக்கு ஆகும் என்று புரிந்தது அப்புறம்தான்!

பூஞ்சை எப்படிக் கரைக்கிறது? அது கரியைக் கடித்துத் தின்பதில்லை. வெளியே சில பொருட்களைச் சுரக்கிறது. ஆக்ஸலேட் என்ற பொருள், கரியின் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கால்சியம், இரும்பு அயனிகளைக் கவ்விக்கொண்டு போய்விடும். லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்ஸிடேஸ் போன்ற நொதிகள் பெரிய மூலக்கூறுகளைத் துண்டு போடும். காரத்தன்மையுள்ள சுரப்புகளும் கூடவே உதவும்.

நம்ம ஊர் கனெக்‌ஷன்

லிக்னைட் என்றதும் நெய்வேலி ஞாபகம் வந்திருக்குமே! 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தட்டுப்பட்ட கறுப்புப் பொருளில் ஆரம்பித்த கதை அது. 1956-ல் நிறுவனம் தொடங்கியது. நெய்வேலி லிக்னைட்டின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்தான். எரிக்க அது சுமார் ரகம். ஆனால் ஹியூமிக் எடுக்க? சூப்பர் ரகம்! அதிலிருந்து எடுத்த பொட்டாசியம் ஹியூமேட்டை வைத்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ விவசாயி என்றால், உரக்கடையில் ஹியூமிக் பாட்டில் வாங்கி வந்திருப்பார். அது பெரும்பாலும் லிக்னைட் போன்ற கரியைக் காரத்தில் கரைத்து எடுப்பது. இதே வேலையைப் பூஞ்சையை வைத்துச் செய்தால் ரசாயனச் செலவைக் குறைக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கணக்கு. ஆனால், பூஞ்சைக்கு அவசரமே கிடையாது. காரம் மணிக்கணக்கில் முடிப்பதை அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் செய்யும். பெரிய தொட்டியில், தினம் தினம் ஒரே தரத்தில் அதை வேலை வாங்குவதுதான் இன்னும் சவால்.

ஓவர் பில்டப் வேண்டாம்!

ஹியூமிக் உரமா? இல்லை. அதில் தழை, மணி, சாம்பல் சத்து சொல்லிக்கொள்கிற அளவுக்குக் கிடையாது. நாம் போடுகிற உரம் தண்ணீரோடு ஓடிவிடாமல் மண்ணில் பிடித்து வைப்பது, இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை வேருக்குக் கிடைக்கிற மாதிரி வைத்திருப்பது, வேர் பரவ உதவுவது... இதெல்லாம்தான் அதன் வேலை. சாப்பாடு இல்லை, பரிமாறுகிற ஆள்!

பல ஆய்வுகளை ஒன்றாக அலசி 2014-ல் வெளிவந்த ஒரு கணக்கில், ஹியூமிக் வகைப் பொருட்களால் செடியின் தண்டு, இலைப் பகுதியின் எடை சராசரியாக 22 சதவிகிதமும், வேரின் எடை 21 சதவிகிதமும் கூடியது தெரிந்தது. ஆனால் இடத்துக்கு இடம், மண்ணுக்கு மண் பலன் ரொம்பவே மாறியது. இன்னொரு சுவாரஸ்யம்... தண்டு, இலை வளர்ச்சியில் லிக்னைட்டிலிருந்து எடுத்ததை, மட்கிய கம்போஸ்ட்டிலிருந்து எடுத்தது முந்திவிட்டது! நம்ம வீட்டுக் குப்பைக்குழியைக் குறைவாக எடை போடாதீர்கள்.

கரியில் கன உலோகங்களும் இருக்கலாம். பரிசோதிக்காமல் வயலில் கொட்டக் கூடாது. ஹியூமிக் போன்ற பயிர் ஊக்கிகளை 2021-ல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்தது. அதனால், பாட்டில் வாங்கும்போது லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள் வீட்டில்.

பிராஜெக்ட் ரெடியா?

மைக்ரோபயாலஜி, பயோடெக், அக்ரி மாணவர்களே... ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு மண்டையைப் பிய்த்துக்கொள்கிறீர்களா? மரம் அரிக்கும் பூஞ்சை ஒன்றை லிக்னைட் தூள் மேல் வளர்த்துப் பாருங்கள். கசிகிற கறுப்புச் சாறில் சில சொட்டு அமிலம் விடுங்கள். பழுப்பாகத் திரிந்து அடியில் படிந்தால், ஹியூமிக் வந்திருக்கிறது என்பதற்கு அது முதல் அடையாளம். ஆனால் வீட்டுச் சமையலறையில் விஷப்பரீட்சை வேண்டாம். நியோசார்ட்டோரியாவின் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் நுரையீரலைத் தாக்குகிறவர். லேப், மாஸ்க், கூடவே உங்கள் புரொபசர்... மூன்றும் அவசியம்.

2023-ல் நெய்வேலி பக்கத்தில் வளையமாதேவியில், நெல் நின்ற வயலுக்குள் சுரங்க வேலைக்கான இயந்திரங்கள் இறங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கரிக்காக வயலைக் கொடுத்த ஊர்கள் நம்மிடம் நிறைய. போன வயலை எந்தப் பூஞ்சையாலும் அப்படியே திருப்பித் தர முடியாது. ஆனால் தோண்டிப் போட்டுவிட்டுப் போன இடத்தில் மறுபடி ஒரு புல்லாவது வேர் பிடிக்க வைக்க முடியும் என்று எமலாலேனியின் அருகம்புல் காட்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் முதலில் தேவைப்படவில்லை. 'இது ஏன் இங்கே முளைச்சிருக்கு?' என்று ஒருத்தர் குனிந்து பார்த்தார், அவ்வளவுதான்.

நாளைக்கு காலேஜ் போகிற வழியில் நீங்களும் கொஞ்சம் குனிந்து பாருங்களேன்!